இரண்டு கை அரிசி

புதுச்சேரி
2 செப்டம்பர் 1935

அப்பாவுக்கு ராஜாமணி எழுதுவது.

சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்கப் போவதில்லை. கோபமாக இருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தது நீங்கள்தானே? இல்லை என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் பெட்டியில் ஒரு கட்டை மட்டும் இளைக்குமே, சின்ன வயதில் அதற்குச் சளிக் கட்டை என்று பெயர் வைத்தேனே, அதை அடுப்படியிலேயே கேட்டுவிட்டேன். மாவுக் கையோடு ஓடி வந்தால் வாசலில் என் மாமியார் நிற்கிறார். "பாட்டுக்காரன் வந்துருக்கான், அரிசி போட்டு அனுப்புடி" என்கிறார். நீங்களோ என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டீர்கள்.

நான் என்ன செய்ய? அப்பா என்ற சொல் வாய் வரை வந்தது. நீங்களே மறைந்துகொள்ளும்போது நான் எப்படிக் காட்டிக்கொடுப்பது? உள்ளே போய் இரண்டு கையும் சேர்த்து அரிசி அள்ளி வந்து உங்கள் பையில் போட்டேன். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெண் பார்க்க வந்தவர்களிடம் பாகூர் ஏரிக்குக் கீழே வயல் இருப்பதைச் சொன்னீர்கள். கோடையில் கூத்துக்கும், மற்ற நாளில் டவுன் தெருக்களிலும் ஆர்மோனியம் வாசிப்பதைச் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் இந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது, உங்கள் மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான். நீங்கள் பூட்டிய வாயை நான் எப்படித் திறப்பேன்?

நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்த சேதி ஒன்று. எனக்கு இது மூன்றாம் மாதம். தையில் ஏழாகிவிடும். ஏழாம் மாதம் தாய்வீட்டார் வந்து பிரசவத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அம்மா இல்லாத எனக்குத் தாய்வீடும் நீங்கள்தான். வந்து கூப்பிடுவீர்களா, அல்லது துண்டை இழுத்து மூடிக்கொள்வீர்களா?

ராஜாமணி


பாகூர்
யுவ வருஷம், ஆவணி 24

என் கண்ணு ராஜாமணிக்குச் செல்லக்கண்ணு எழுதிக்கொண்டது.

உன் கடிதத்தைக் கடைசியிலிருந்து படித்திருக்க வேண்டும். மேலேயிருந்து படித்துக் கோபப்பட்டேன், கீழே வந்து அழுதேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்துவிட்டேன். மூலநாதர் கோயிலுக்கு ஓடித் தேங்காய் உடைத்தேன். உன் மடுகரை அத்தைக்கு ஆள் அனுப்பினேன். அவள் இப்போதே சுக்கு இடிக்கத் தொடங்கியிருப்பாள்.

ஆனால் நானும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஏன் அப்படி வந்தீர்கள் என்கிறாய். சம்பந்தியாக வந்தால் எனக்கு நாற்காலி கிடைக்கும், காப்பி கிடைக்கும், நீ கிடைக்க மாட்டாய். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பாட்டுக்காரனாக வந்தால் ஒரு பாட்டு முடிகிறவரை உன்னை வாசலில் வைத்துப் பார்க்கலாம். அதற்காகத்தான் வந்தேன். உன் மாமியாரைப் பார்த்ததும் கை தானாகத் துண்டுக்குப் போயிற்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நீ கூப்பிடுவாய் என்று நினைத்தேன். அதற்காகத்தான் தலை குனிந்தபடியே காத்திருந்தேன்.

தெருவில் வாசித்துவிட்டு ஊரார் கொடுப்பதை வாங்க எனக்கு ஒரு நாளும் கூசியதில்லை. அது என் வாசிப்புக்கு வருவது. உன் கையால் விழுந்தபோது மட்டும் பை கனத்துப்போயிற்று. அந்த அரிசி அப்படியே இருக்கிறது. பொங்கவும் மனசில்லை, கோழிக்குப் போடவும் மனசில்லை.

ஒளிந்தது ஒரு தடவை போதும். தையில் வருவேன். ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தெருமுனையிலிருந்து வாசித்துக்கொண்டே உன் வாசலுக்கு வருவேன். அப்படி வர முடியாதென்றால் உன் அத்தையை அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். புளிப்பாக எதையாவது வாயில் போட்டுக்கொள். உன் அம்மா நாரத்தங்காயாகத் தின்றாள்.

செல்லக்கண்ணு


புதுச்சேரி
30 செப்டம்பர் 1935

அப்பா,

உங்கள் வீம்புக்கு ஜோடியாகச் சர்க்காரும் வீம்பு பிடித்திருக்கிறது. டவுனுக்குள் தெருவில் நின்றோ நடந்தோ யாரும் வாத்தியம் வாசிக்கக் கூடாதாம், பாடக் கூடாதாம். புது உத்தரவு. யாரோ பெரிய துரைக்கு மத்தியானத் தூக்கம் கெட்டுவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். ஊர்வலத்துக்கு மட்டும் விலக்கு.

உங்களுக்கு ஒன்று தெரியுமா? அந்த உத்தரவைத் தமிழில் எழுதியது உங்கள் மாப்பிள்ளை. நகரசபை மேரி ஆபீஸில் எழுத்து வேலை அவருடையதுதானே. வீட்டுக்குக் கொண்டுவந்து, "படிச்சுப் பாரு, புரியுதா?" என்று என்னிடம் நீட்டினார். புரியுது என்றேன். எனக்கு எவ்வளவு புரிந்தது என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது!

கண் தெரியாத தையலம்மாள் சிங்கி தட்டிப் பாடுவாளே, அவளைப் போலீஸ்காரர் அதட்டவில்லை. கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டி விட்டிருக்கிறார். தாண்டியதும் அவள் அந்தப் பக்கம் நின்று பாடினாளாம். மறுபடியும் கையைப் பிடித்து இந்தப் பக்கம். இப்படியே பொழுது போயிற்றாம். மறுநாள் அவளும் வரவில்லை. எங்கள் தெரு இப்போது அடைத்துப் போட்ட வீடு மாதிரி இருக்கிறது.

அதனால் சொல்கிறேன். சட்டையைப் போட்டுக்கொண்டு கையை வீசிக்கொண்டு வாருங்கள். அத்தை வந்தால் அது தாய்வீடு ஆகாது. தெருவில் நாலு பேர் என்னைப் பார்த்து, இவளுக்கு அப்பா இல்லையா என்று கேட்க வேண்டுமா?

ராஜாமணி


பாகூர்
புரட்டாசி 18

ராஜாமணிக்கு,

கையை வீசிக்கொண்டு நடக்க எனக்குத் தெரியாது. மீசை முளைத்த நாளிலிருந்து இந்தக் கைகளுக்கு வேலை இருந்திருக்கிறது. வீசினால் எங்கேயாவது இடித்துக்கொள்வேன்.

உத்தரவை இன்னொரு தடவை வாங்கிப் படி. ஊர்வலத்துக்கு விலக்கு என்றால் சாமி ஊர்வலம் மட்டுமா, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் உண்டா? அப்புறம் இன்னொன்று. ஊர்வலத்தில் வாசிக்கிறவன் அந்த வீட்டாருக்குத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

பதில் எழுது. ஒரு வரி போதும்.

செல்லக்கண்ணு


புதுச்சேரி
28 அக்டோபர் 1935

அப்பா,

அப்படியெல்லாம் எழுதவில்லை, எல்லா ஊர்வலத்துக்கும் உண்டு என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன் அல்லவா? அதற்கு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

நேற்றுக் காலை எங்கள் தெரு வழியாக ஒரு சாவு போயிற்று. தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டதுமே மாமியார் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். மாசமாக இருக்கிறவள் பார்க்கக் கூடாது அல்லவா? சங்கு போயிற்று, தாரை போயிற்று. நடுவிலே ஒரு ஆர்மோனியம்! மாமியார் ஜன்னலண்டை நின்றுகொண்டு, "சாவுக்கு ஆர்மோனியமா? இது யாரு வூட்டுப் புதுப் பழக்கம்டி?" என்றார். நான் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

அப்புறம் சளிக் கட்டை இளைத்தது. எங்கள் வாசலுக்கு நேரே வரும்போது அந்த மெட்டு. ஏரிக்கரை வீட்டில் என்னைத் தூங்கவைக்க வாசிப்பீர்களே, அது. செத்தவரின் சொந்தக்காரர்கள் என்ன நினைத்தார்களோ! நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா, அப்போதுதான் பிள்ளை வயிற்றில் அசைந்தது. முதல் தடவை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை.

ராஜாமணி


பாகூர்
ஐப்பசி 20

என் தங்கத்துக்கு,

அசைந்ததா! இதை எழுதாமல் மற்றதையெல்லாம் முதலில் எழுதியிருக்கிறாயே. எந்தக் கட்டையில் அசைந்தது? மேல் ஸ்தாயியிலா, கீழேயா? தெரிந்தால் எழுது.

செத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார், நிறையப் பேர் அழுதார்கள். பாதி வழியில் மூத்த மகன் என்னிடம் வந்து, "நீ யாருப்பா? நாங்க சொல்லி வுடலியே?" என்றான். "பாகூரு. பெரியவருக்கு எம் பாட்டுன்னா உசுரு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை என் தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். "எங்கப்பாவுக்குப் பாட்டுப் புடிக்கும்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே! ஒரு நாளும் கேக்கலியே!" என்றான். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. சொன்ன பொய்க்குப் பரிகாரமாகச் சுடுகாடு வரை வாசித்தேன். கருமாதிக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள், போகத்தான் வேண்டும்.

கதவைச் சாத்தியது நல்லது. நான் உன்னைப் பார்க்க அப்படி வரவில்லை, உன் காதில் விழட்டும் என்றுதான் வந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. என்னைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கிவிட்டார்கள். தையலம்மாளை யாரோ ஒரு கல்யாண ஊர்வலத்தில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். புல்லாங்குழல்காரர் ஒருவர் தினமும் காலையில் எந்தத் தெருவில் இழவு என்று விசாரித்துக்கொண்டு திரிகிறார். உன் வீட்டுக்காரர் எழுதிய உத்தரவில் இவ்வளவு பெரிய வாசல் இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது.

செல்லக்கண்ணு


புதுச்சேரி
16 டிசம்பர் 1935

அப்பா,

வயிறு பெரிதாகிவிட்டது. குனிந்து கோலம் போட முடியவில்லை. மாமியார் போடுகிறார், கோணலாக.

நீங்கள் தொடங்கிவைத்த வேடிக்கை எங்கே போய் முடிந்தது தெரியுமா? போன வாரம் பெரிய வக்கீல் ஒருவர் தவறிப்போனார். துரைமார்களெல்லாம் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். முன்னால் பார்த்தால் குழல், உடுக்கை, சிங்கி, ஆளுக்கொரு பாட்டு. எல்லோருக்கும் முன்னால் பூம்பூம் மாட்டுக்காரர். மாடு மணியை ஆட்டிக்கொண்டு, செத்தவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியபடியே போயிற்று. நிறுத்தச் சொல்ல யாராலும் முடியவில்லை, ஊர்வலத்துக்குத்தான் விலக்கு உண்டே! உங்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து அடக்க முடியாமல் சிரித்தார். சிரிக்கக் கூடாது, சாவு வீடு, என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது உத்தரவைத் தளர்த்திவிட்டார்கள். இவர்கள் தெருவிலேயே பாடட்டும், சாவையாவது விடட்டும் என்று தோன்றிவிட்டது போல. சாயங்காலம் நாலு மணி முதல் ஏழு மணி வரை பாடலாம், வாசிக்கலாம். ஆனால் அந்தத் தெருவில் எல்லா வீட்டாரும் ஆட்சேபணை இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வீடு மாட்டேன் என்றாலும் தெரு முழுக்க மூடல்தான். வீடு வீடாகக் கேட்டு வருகிறார்கள். எங்கள் தெருவுக்குப் பொங்கலுக்குள் வருவார்கள்.

மாமியார் இப்போதே சொல்லிவிட்டார். "நம்ம வூட்ல ஆட்சேபணதான். வாசல்ல கண்டவன் வந்து நிக்கறதா?" என்கிறார். நான் வாயைத் திறந்து, அந்தக் கண்டவர் என் அப்பா என்று சொல்ல வேண்டும். தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று எழுந்திருக்கிறேன். ஒரு வருஷம் மறைத்தாயே என்று கேட்டால் எந்த முகத்தோடு நிற்பேன்? உங்கள் மாப்பிள்ளை நல்லவர். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ராஜாமணி


பாகூர்
மார்கழி 8

ராஜாமணிக்கு,

சொல்லாதே. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

வாசித்துக்கொண்டேதான் வருவேன் என்று எழுதியதை மறந்துவிடு. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிற பெண்ணைப் பயத்தோடு எழுந்திருக்க வைத்துவிட்டு எனக்கு என்ன ரோஷம் வேண்டிக் கிடக்கிறது? உன் அத்தை உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஒரு பொட்டிக்கோசரம் பொண்ண அழவைக்கிறியேடா, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்றாள். அவள் சொன்னது சரி.

ஆர்மோனியத்தை மடுகரையில் அவள் வீட்டில் வைத்துவிட்டேன். தையில் நல்ல நாள் பார்த்துச் சட்டை போட்டுக்கொண்டு, நம் வயல் அரிசியும் கரும்பும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சம்பந்தியாக வருகிறேன். நாற்காலியில் உட்காருகிறேன். காப்பி குடிக்கிறேன். வயல் விளைச்சலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். உன்னை அழைத்துக்கொண்டு திரும்புகிறேன்.

தெரு திறக்காவிட்டால் தையலம்மாளுக்குத்தான் கஷ்டம். உங்கள் தெருவில் வெயில் சீக்கிரம் இறங்கிவிடும், அவளுக்கு அந்த நிழல் பிடிக்கும். அது உன் தலைவலி இல்லை. விடு.

வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி மாட்டியிருக்கிறேன். பெட்டி இல்லாமல் கை என்னவோ போல இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

செல்லக்கண்ணு


புதுச்சேரி
8 ஜனவரி 1936

அப்பா,

நேற்று வந்தார்கள். நீங்கள் சொல்லாதே என்றீர்கள். நான் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் கேட்டு எழுத அனுப்பப்பட்டவர் யார் தெரியுமா? உங்கள் மாப்பிள்ளை தணிகைவேல்தான். கூட ஒரு போலீஸ்காரர். எல்லா வீட்டிலும் சரி என்று வாங்கிக்கொண்டு கடைசியாக எங்கள் வாசலுக்கு வந்தார். மாமியார் வெயிலில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் பக்கத்தில் நிற்கிறாரே, இவர் விறைத்து நின்றுகொண்டு, "அம்மா, இந்தத் தெருவில் மாலை வேளையில் பாடத் தங்களுக்கு ஆட்சேபணை உண்டுங்களா?" என்கிறார்.

"இன்னாடா புதுசா மரியாதை? உண்டு" என்றார் மாமியார்.

இவர் பேனாவைத் திறந்தார். எழுதிவிட்டால் முடிந்தது. எனக்குக் கால் தானாக நிலைப்படியைத் தாண்டிவிட்டது. "அத்தே, ஆவணியில ஒரு ஆர்மோனியக்காரர் வந்தாரே, துண்டப் போட்டு மூடிக்கிட்டு, அவரு எங்கப்பா" என்றேன். சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

இவர் பேனாவைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "அந்த உத்தரவ உங்கிட்டதான படிக்கக் குடுத்தேன்? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா ராஜாமணி?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன், அவர் வருத்தமாகக் கேட்டார்.

மாமியார் வடகத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "எனக்குத் தெரியும்டி" என்றார். "பிச்சைக்கு எவளும் ரெண்டு கையும் சேத்துப் போட மாட்டா. நீ ரெண்டு கையாலயும் அள்ளிக்கினு போயி, ஒண்ணு சிந்தாமப் போட்ட. போட்டுட்டு அந்தாளு தெரு திரும்புற வரைக்கும் நின்ன. அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ஆட்சேபணன்னு சொன்னாலாவது வாயத் தொறப்பியான்னு பாத்தேன். இத்தினி நாளு பயந்துக்கினு கெடந்தியே, நான் இன்னா பேயா?"

நான் அழுதுவிட்டேன் அப்பா. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு மகனை அதட்டினார். "எழுதுடா, எங்க வூட்ல ஆட்சேபண இல்லன்னு. ஆனா ஒண்ணு. எங்க சம்பந்தி வந்து வாசிச்சா பையில அரிசி போட மாட்டேன். உள்ள கூப்ட்டு எலதான் போடுவேன். அதையும் எழுதிக்க."

"அதுக்கு இதுல எடம் இல்லம்மா" என்றார் போலீஸ்காரர்.

"எடம் பண்ணுங்க" என்றார் மாமியார்.

இவர் உண்மையாகவே ஓரத்தில் எழுதினார். இன்று சாயங்காலம் தையலம்மாள் எங்கள் வீட்டு நிழலில் நின்று பாடினாள். மாமியார் அவளுக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் அரிசியை நீட்டியபோது, "ரெண்டு கையாலயே போடு" என்றார்.

பெட்டியை மடுகரையிலிருந்து எடுத்து வாருங்கள். கை சும்மா இருந்தால் இடித்துக்கொள்வீர்கள்.

ராஜாமணி


பாகூர்
தை 3

என் ராஜாமணிக்கு,

மடுகரைக்குப் போய் உன் கடிதத்தை உன் அத்தைக்கு மூன்று தடவை படித்துக்காட்டினேன். மூன்றாவது தடவை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்துவிட்டாள். சளிக் கட்டையைச் சரிசெய்கிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள், பிள்ளைக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமாம்.

வருகிற வெள்ளிக்கிழமை வருகிறோம். கரும்பு வண்டியில் வரும், நான் நடந்து வருவேன். நாலு மணிக்கு முன்னால் உங்கள் தெருமுனையில் நிற்பேன். மணி அடித்ததும் வாசிக்கத் தொடங்குவேன். துண்டு தோளில் இருக்கும். உன் மாமியார் கனகாம்பாளுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, அதனால் உங்கள் வாசலில் கொஞ்சம் அதிகமாக வாசிப்பேன். மாப்பிள்ளை ஏழு மணிக்கு நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன்.

அந்த அரிசி இன்னும் பையில்தான் இருக்கிறது. வண்டு விழுந்திருந்தது, உன் அத்தை புடைத்துக் கொடுத்தாள். அதையும் கொண்டுவருகிறேன். வெள்ளிக்கிழமை இலையில் எனக்கு அந்தச் சோறுதான் வேண்டும். நீயே பொங்கி, உன் கையால் போடு. இந்தத் தடவை உன் முகத்தை நிமிர்ந்து பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.

உன் அப்பா
செல்லக்கண்ணு